432 கோடியும் 454 கோடியும் ஒன்றா? கண்காட்சிப் பலகைக்கு ஒரு கேள்வி

கன்னங்குறிச்சி டீச்சர் | ஜனவரி 17, காலை 6:50

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நாலடிக்கு மூணடியில் ஒரு பலகை. தலைப்பு: பிரபஞ்சம் எப்படித் தோன்றியது, அறிவியலும் சமயங்களும். இடது பக்கம் பெருவெடிப்பு, வலது பக்கம் சமயங்கள். நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி யோசித்து வைத்திருக்கிறேன்: "பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி ஆண்டு. முன்னோர் சொன்னது இன்று நிரூபணம்." வித்தியாசம் ஐந்து சதவீதம்தான் வருகிறது. அதற்குக் கீழே திருவாசகத்தில் இருந்து "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன". எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள்தான் நின்று விளக்கப் போகிறார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் பார்த்துச் சொல்லுங்கள். பிப்ரவரி 6 கண்காட்சி.

அஸ்தம்பட்டி | ஜனவரி 17, காலை 8:15

நடு வரியை எடுத்துருங்க டீச்சர். 432 கோடி ஒரு பகலோட மொத்த நீளம். 454 கோடி இதுவரைக்கும் கழிஞ்ச காலம். ரெண்டும் வேற வேற சங்கதி. ஒரு ஒன்பதாவது பையன் "பகல் 432 கோடின்னா இப்ப மணி என்ன?"ன்னு கேட்டுட்டா விளக்கறதுக்கு நிக்கிற பிள்ளை திணறிடும். அது நல்ல கேள்வியும்கூட.

செவ்வாய்ப்பேட்டை | ஜனவரி 17, காலை 11:30

அந்தக் கேள்விக்கு மரபிலேயே பதில் இருக்கிறது. சுகவனேஸ்வரர் கோயிலிலோ வீட்டுப் பூஜையிலோ சங்கல்பம் சொல்லும்போது காது கொடுத்தால் கேட்கும்: ஸ்வேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது சதுர்யுகம், கலியுகம், முதல் பாதம். இது ஒரு முகவரி; கல்பம் என்பது பிரம்மாவின் ஒரு பகல். கணக்காக மாற்றினால் கழிந்த காலம் வந்துவிடும்.

ஒரு சதுர்யுகம் 43,20,000 ஆண்டு. ஒரு மன்வந்தரம் 71 சதுர்யுகம். ஆறு மன்வந்தரம் முடிந்து ஏழாவதில் இருக்கிறோம்: 6 × 71 × 43,20,000 = 184,03,20,000. கல்பத் தொடக்கத்திலும் ஒவ்வொரு மன்வந்தர முடிவிலும் ஒரு சந்தி, அதாவது இடைக்காலம், 17,28,000 ஆண்டு. ஏழு சந்திக்கு 1,20,96,000. நடப்பு மன்வந்தரத்தில் முடிந்த சதுர்யுகம் 27: 11,66,40,000. இருபத்தெட்டாவதில் கிருதம், திரேதம், துவாபரம் சேர்த்து 38,88,000. கலி பிறந்தது கி.மு. 3102, ஆக 5,126. எல்லாவற்றையும் கூட்டினால் 197,29,49,126.

சந்தியை விட்டுவிட்டுக் கூட்டுகிறவர்களுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் குறைந்துவிடும். இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் பெரும்பாலும் அதுதான் பிழை.

பிரம்மாவின் பகலில் ஏறக்குறைய 46 சதவீதம் போயிருக்கிறது. நண்பகல் இன்னும் ஆகவில்லை.

நாகலூர் | ஜனவரி 17, இரவு 9:05

ஐயா கணக்கு 197 கோடின்னா, சேர்வராயன் மலை அதைவிட மூத்தது.

ஏற்காடு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுலயும் வெட்டின பக்கம் தெரியற பாறை பெரும்பாலும் சார்னோகைட். புதுசா உடைஞ்ச இடத்துல பாத்தா கருநீலம், எண்ணெய் தடவின மாதிரி ஒரு பளபளப்பு. குவார்ட்ஸ் மணிகூட வெள்ளையா இல்லாம நீலம் கலந்த சாம்பலா இருக்கும். வெயில் மழை பட்ட பக்கம் பழுப்பாயிரும், அதனால மேலோட்டமாப் பாத்தா அடையாளம் தெரியாது. வயசு சுமார் 250 கோடி ஆண்டு.

இதை எப்படி எடுக்கறாங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லணும். பாறைய இடிச்சுச் சலிச்சு, தண்ணில அலசி, கனமான துகளை மட்டும் ஒதுக்கி, காந்தத்துல இழுபடறதை விலக்கி, கடைசியா நுண்ணோக்கில வச்சு ஸிர்க்கான் படிகத்த ஒவ்வொண்ணா பொறுக்கணும். ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான் இருக்கும். ஸிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சேத்துக்கும், ஈயத்தைச் சேக்காது. அதனால உள்ள இருக்கற ஈயம் எல்லாமே யுரேனியம் சிதைஞ்சு வந்தது. யுரேனியம் 238க்கு அரை ஆயுள் 447 கோடி ஆண்டு, 235க்கு 70 கோடி. 250 கோடி ஆண்டுல முதல் வகையில 32 சதவீதம் ஈயமாயிருக்கும். ரெண்டாவதுல எட்டரை சதவீதம்தான் மிச்சம் இருக்கும். ரெண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்டினாத்தான் அந்த வயசை ஏத்துக்குவாங்க.

எங்க கெடும்னா, பிற்காலத்துல சூடேறி ஈயம் கொஞ்சம் கசிஞ்சிருந்தா வயசு குறைச்சலாக் காட்டும். பழைய படிகத்தச் சுத்தி புதுசா ஒரு ஓடு வளந்திருந்தா ஓட்டுக்கு ஒரு வயசு, நடுவுக்கு ஒரு வயசு. அதான் படிகத்தைப் பாதியாத் தேய்ச்சு, வளையம் பாத்து, எந்த இடத்துல அளக்கறோம்னு குறிச்சுக்கறாங்க.

செவ்வாய்ப்பேட்டை | ஜனவரி 18, காலை 7:20

நாகலூர் சொல்வது சரி. ஒவ்வொரு கல்பத் தொடக்கத்திலும் உலகம் புதிதாகப் படைக்கப்படுகிறது என்கிறது புராணம். அப்படியென்றால் 197 கோடிக்கு முந்திய பாறை இருக்கவே கூடாது. எண்ணை எண்ணாகவே எடுத்து அளவீட்டோடு பொருத்துகிறேன் என்று இறங்கினால் சேலத்தை விட்டுத் தாண்டுவதற்குள் இடிக்கிறது. அதனால்தான் பொருத்த வேண்டாம் என்கிறேன். அந்த எண்கள் அந்த வேலைக்காக உண்டானவை அல்ல.

அஸ்தம்பட்டி | ஜனவரி 18, மதியம் 1:40

197 கோடின்ன உடனே ஒண்ணு சொல்லியாகணும். இது பலகைக்கு நடு வரியை விட முக்கியம்.

1929ல வானியலாளர் ஹபிள் வெளியிட்ட பிரபஞ்ச விரிவு வேகம், மெகாபார்செக்குக்கு (அது விண்வெளித் தூர அளவு) விநாடிக்கு சுமார் 500 கிலோமீட்டர். வேகத்துல இருந்து வயசுக்கு ஒரு சுருக்குவழி இருக்கு: 978ஐ அந்த எண்ணால வகுத்தா நூறு கோடி ஆண்டுக் கணக்குல விடை. 978 ÷ 500 = 1.956. அதாவது 196 கோடி. சங்கல்பக் கணக்கு 197 கோடி. ஒரு சதவீதத்துக்குள்ள பொருந்துது!

1930கள்ல இந்த மாதிரி ஒரு பலகை வச்சிருந்தா, 432க்கும் 454க்கும் உள்ள பொருத்தத்தை விட இது எவ்வளவோ அழுத்தமா இருந்திருக்கும். ஆனா அந்த 500 நிக்கல. இரண்டாம் உலகப்போர்ல லாஸ் ஏஞ்சலஸ் நகரம் விளக்கணைச்சுக் கிடந்தப்போ மவுண்ட் வில்சன் நூறு அங்குலத் தொலைநோக்கில வால்டர் பாடே ஆண்ட்ரோமீடாவை எடுத்த படங்கள்ல விண்மீன்கள் ரெண்டு வகையாப் பிரிஞ்சு தெரிஞ்சுது. தூரம் அளக்க அளவுகோலா வச்சிருந்த செஃபீடு விண்மீன்களும் ரெண்டு வகை. ஒண்ணை இன்னொண்ணா நினைச்சு அளந்திருந்தாங்க. 1952ல ரோம் மாநாட்டுல அவர் அதைச் சொன்னதும் தூரமெல்லாம் ரெண்டு மடங்காச்சு, வயசும் ரெண்டு மடங்காச்சு. 1958ல சாண்டேஜ்ங்கற வானியலாளர் விரிவு வேகத்தை 75க்குக் கொண்டு வந்தார். இன்னிக்கு பிளாங்க் விண்கலத்தோட எண் 67.4. பிரபஞ்ச வயசு 1,380 கோடி.

67.4ஐ அதே சுருக்குவழில போட்டா 1,450 வரும். குழப்பிக்க வேண்டாம், விரிவு எப்பவும் ஒரே வேகத்துல இல்ல. முதல்ல ஈர்ப்பு இழுத்துப் பிடிச்சுது, பின்னாடி வேகம் பிடிச்சுது. அந்தத் திருத்தம் 0.95.

கன்னங்குறிச்சி டீச்சர் | ஜனவரி 18, இரவு 8:10

நடு வரியை எடுத்துவிட்டேன். அந்த இடம் காலியாக நிற்கிறது. அப்படியானால் 432 கோடி எங்கிருந்து வந்தது? யாரோ சும்மா பெரிய எண்ணாகச் சொன்னதா?

செவ்வாய்ப்பேட்டை | ஜனவரி 18, இரவு 10:45

சும்மா அல்ல. அது வானியலாளர்களின் பொது மடங்கு. சூரியன், சந்திரன், கோள்கள் எல்லாம் ஒரே புள்ளியில் புறப்பட்டு, முழு எண்ணிக்கையில் சுற்றி, மறுபடி சேர எத்தனை ஆண்டு வேண்டும் என்று அமைத்ததுதான் மகாயுகம் (சதுர்யுகத்தின் இன்னொரு பெயர்). பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தில் ஒரு மகாயுகத்துக்கு நாட்கள் 157,79,17,828. அதற்குள் சந்திரன் 5,77,53,336 சுற்று, குரு 3,64,220, சனி 1,46,568. பின்னம் எங்கும் கிடையாது. பின்னத்தைத் தவிர்க்கத்தான் இவ்வளவு பெரிய எண்.

ஆரியபடர் இதையே வேறுவிதமாக அமைத்தார். அவருக்குக் கல்பம் 1,000 மகாயுகம் அல்ல, 1,008. அதாவது 435 கோடியே 45 லட்சத்து 60 ஆயிரம். நான்கு யுகமும் சம நீளம். நாட்கள் 157,79,17,500. மரபுக்குள்ளேயே கணக்கை மாற்றி அமைக்க உரிமை இருந்திருக்கிறது. இது மறைக்க வேண்டிய விஷயமா? பெருமைப்பட வேண்டியது.

அஸ்தம்பட்டி | ஜனவரி 19, காலை 6:30

டீச்சர், காலி இடத்துக்கு இதையே வைங்க. 157,79,17,828ஐ 5,77,53,336ஆல வகுங்க. 27.32167 நாள். விண்மீன் பின்னணியில சந்திரன் ஒரு சுத்து வர இன்னிக்கு அளந்த காலம் 27.32166. வித்தியாசம் சுமார் ஒரு விநாடி. சனிக்குப் போட்டா 10,765.8 நாள் வரும், இன்றைய அளவு 10,759.2, ஆறரை நாள் தள்ளி. சந்திரன் மாசாமாசம் கண்ணுக்கு முன்னாடி சுத்துது, கிரகணம் பிசகைக் காட்டிக் கொடுத்துரும், அதனால அது துல்லியம். சனி ஒரு சுத்து வர இருபத்தொன்பதரை வருஷம். அளக்கறவர் ஆயுசுல ரெண்டு மூணு சுத்துதான் கிடைக்கும்.

பிள்ளைங்க வர்றவங்க கையிலயே கால்குலேட்டரைக் கொடுத்து வகுக்கச் சொல்லலாம். எட்டு இலக்கக் கால்குலேட்டர்ல பத்து இலக்க எண் ஏறாது. மளிகைக்கடையில வச்சிருக்கற 12 இலக்கம் வேணும். இல்லேன்னா செல்போனைத் திருப்பிப் பிடிச்சா நீள எண் ஏறும்.

முன்னோர் செஞ்சது உண்மையிலேயே இதுதான். இல்லாத பெருமையைப் போட்டு இருக்கற பெருமையை மறைக்க வேண்டாம்னுதான் சொல்றேன்.

கோட்டை | ஜனவரி 19, மாலை 5:00

இதே கதை எங்க பக்கமும் நடக்குது. குர்ஆன்ல 21:30, 51:47 ரெண்டு வசனத்தையும் பேனர்ல போட்டு, பெருவெடிப்பு இதுலேயே இருக்குன்னு எழுதறாங்க. பிள்ளைங்க பலகையில அப்படிப் போட வேண்டாம். அதுக்குப் பதிலா மார்க்க அறிஞர் கஜ்ஜாலியோட வாதத்தைப் போடலாம்: தொடக்கம் உள்ளது எதுக்கும் ஒரு காரணம் உண்டு, உலகத்துக்குத் தொடக்கம் உண்டு, ஆகவே உலகத்துக்கு ஒரு காரணம் உண்டு. மூணே வரி. கஜ்ஜாலி 1111ல இறந்தவர். அந்த நூற்றாண்டுக்குள்ளேயே ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபாவுல இப்னு ருஷ்து அதை மறுத்துத் தனி நூலே எழுதினார். மறுத்தவரும் மார்க்க அறிஞர், காஜி (நீதிபதி). ஒரு மதத்துக்கு ஒரே கருத்துதான்னு பலகை காட்டிறக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை | ஜனவரி 19, இரவு 9:15

பாய் சொன்னது முக்கியமான இடம். "மதங்கள் எல்லாம் தொடக்கம் உண்டு என்கின்றன, அறிவியலும் அதையே சொல்கிறது" என்று எழுதினால் பாதி மதங்கள் வெளியே போய்விடும்.

வேதச் சடங்கை முதன்மையாகக் கொண்ட மீமாஞ்சகர் உலகம் என்றும் இப்படியே இருந்தது என்பார்கள். சமணத்தில் படைத்தவன் என்று ஒருவன் இல்லை, உலகம் அனாதி. புத்தர் இந்தக் கேள்விக்கே பதில் சொல்ல மறுத்தார். அம்பு தைத்தவன் முதலில் அம்பைப் பிடுங்க வேண்டும், எய்தவன் குலம் கோத்திரம் பிறகு என்றார். ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் புத்தர் சிலைகள் இன்னும் இருப்பதால் அதையும் ஒரு வரி சேர்க்கலாம், பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயர் தெரியும்.

சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் அனாதி. இல்லது வாராது, உள்ளது போகாது. உலகத்துக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். குடத்துக்கு மண், திகிரி (சக்கரம்), குயவன் போல என்று பாடம் சொல்வார்கள். வெறுமையிலிருந்து படைப்பு என்ற பேச்சே இல்லை. ஒடுங்கியது மீண்டும் தோன்றுகிறது. சிவஞானபோதம் முதல் சூத்திரமே "அந்தம் ஆதி" என்கிறது: எவனிடத்தில் ஒடுங்குகிறதோ அவனே தோற்றத்துக்கும் முதல். ஆகவே 1,380 கோடி என்றாலும் நாளை அது 2,000 கோடி ஆனாலும் சித்தாந்திக்கு ஒரு சூத்திரமும் ஆட்டம் காணாது. ஒரு அளவீட்டை நம்பி நிற்காததால் அது அளவீட்டால் விழுவதும் இல்லை.

திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில் வரும் அந்த வரியைப் போடுவதானால் அடுத்த இரண்டு வரியையும் சேர்த்துப் போடுங்கள்: "இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச் சிறிய ஆகப் பெரியோன்". கூரை ஓட்டை வழியாக வெயில் விழும்போது தூசி மிதக்குமே, இறைவன் முன்னால் அண்டங்கள் எல்லாம் அந்தத் தூசி அளவு. மாணிக்கவாசகர் பேசுவது அண்டத்தின் சிறுமை, அவன் பெருமை. முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்து விண்ணியல் ஆக்கினால் பாட்டின் உயிர் போய்விடும்.

கன்னங்குறிச்சி டீச்சர் | ஜனவரி 20, காலை 6:40

பரிபாடல் பற்றி ஒரு கேள்வி. வானம், காற்று, தீ, நீர், நிலம் என்று வரிசை வருகிறதே. முதலில் வெளி, பிறகு வாயு, பிறகு விண்மீன் தீ, பிறகு நீர், பிறகு பூமி. இது பொருந்துகிறதே?

செவ்வாய்ப்பேட்டை | ஜனவரி 20, காலை 9:00

அந்த வரிசைக்கு உள்ளுக்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. வானுக்கு ஓசை ஒன்றே குணம். காற்றுக்கு ஓசை, ஊறு (தொடுவுணர்வு). தீக்கு ஒளியும் சேரும். நீருக்குச் சுவை. நிலத்துக்கு நாற்றமும் சேர்ந்து ஐந்தும். ஒவ்வொரு படியிலும் ஒரு புலன் கூடுகிறது. மெல்லியதிலிருந்து கனத்ததற்கு வருகிறது. தைத்திரீய உபநிடதத்திலும் இதே வரிசைதான். மனிதன் உலகத்தை எந்த ஐந்து வாசல் வழியாக அறிகிறான் என்பதில் இருந்து கட்டியது. தீ என்றால் விண்மீன், காற்று என்றால் ஹைட்ரஜன் என்று நாம் திணித்தால் அந்த அழகான அடுக்கு கலைந்துவிடும்.

அஸ்தம்பட்டி | ஜனவரி 20, இரவு 10:20

இடது பக்கத்துக்கு வருவோம். இங்கயும் ஒரு திணிப்பு நடக்குது: "ஒண்ணுமில்லாததுல இருந்து வெடிச்சுது"ன்னு அறிவியல் நிரூபிச்சிருச்சுங்கறது. அப்படி யாரும் அளக்கல. அளந்தது என்னன்னு பின்னாடி இருந்து முன்னாடி போவோம்.

பெருவெடிப்புக்கு அப்புறம் 380,000 ஆண்டு: வெப்பம் 3,000 கெல்வின். எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து ஹைட்ரஜன் ஆனதும் வெளிச்சம் தடையில்லாம கிளம்பிருச்சு. அதுதான் இன்னிக்கு 1,100 மடங்கு நீண்டு 2.725 கெல்வினா எல்லாத் திசையில இருந்தும் வருது. ஏன் 3,000? ஹைட்ரஜனைப் பிரிக்கற ஆற்றலை வெப்பமாக் கணக்குப் போட்டா ஒன்றரை லட்சம் கெல்வினுக்கு மேல வருது. ஆனா ஒரு புரோட்டானுக்கு நூறு கோடிக்கு மேல ஒளித்துகள் இருக்கு. சராசரி குளிர்ந்தாலும் அந்தக் கூட்டத்துல சூடான சிலது ஹைட்ரஜனை உடைச்சுக்கிட்டே இருக்கும். அது ஓயறது 3,000ல. இந்தக் கணக்குக்குப் போடற சமன்பாடு நம்ம நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாஹா 1920ல எழுதினது. பலகையில அவர் பேர் வரணும்.

முதல் சில நிமிஷம்: ஹீலியம். கருவினை தொடங்கற நேரத்துல ஏழு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான். ரெண்டு நியூட்ரான் எடுத்தா கூட 14 புரோட்டான், மொத்தம் 16. ரெண்டு நியூட்ரானும் ரெண்டு புரோட்டானும் சேர்ந்து ஒரு ஹீலியம், எடை 4. பதினாறுல நாலு, கால் பங்கு. வானத்துல பழைய வாயுவை எங்க அளந்தாலும் எடையில கால் பங்கு ஹீலியம். எட்டாவதுப் பிள்ளை விரல் விட்டுச் சொல்லிரும் இதை.

அதுக்கு முந்தி போகப் போக ஆதாரம் மெலியுது. துகள் முடுக்கிகள்ல சோதிச்ச ஆற்றல் அளவுக்கு மேல போனா கணக்கு மட்டும்தான். பூஜ்ய விநாடிங்கறது சமன்பாட்டைப் பின்னாடி இழுத்துக்கிட்டே போனா வர்ற முனை. கொல்கத்தாவுல அமல் குமார் ராய்சௌத்ரி 1955ல எழுதின சமன்பாட்டுல இருந்துதான் பென்ரோஸும் ஹாக்கிங்கும் அந்த முனையைத் தவிர்க்க முடியாதுன்னு காட்டினாங்க. அதுவும் ஐன்ஸ்டைன் ஈர்ப்புக் கோட்பாடு அங்க வரைக்கும் செல்லும்னு வச்சுக்கிட்டு. குவாண்டம் விளைவு வந்தா செல்லாது. ஆக, பிரபஞ்சம் ஒரு காலத்துல சூடா, நெருக்கமா இருந்துதுங்கறது அளந்த உண்மை. அதுக்கு முந்தி என்னங்கறது திறந்த கேள்வி. பலகையில இந்த ரெண்டையும் வேற வேற நிறத்துல எழுதுங்க.

கோட்டை | ஜனவரி 21, காலை 7:30

லெமெத்ர் பத்தியும் ஒரு வரி. 1927லேயே விரிவைச் சொன்ன பெல்ஜியக்காரர், கத்தோலிக்கப் பாதிரியார். 1951 நவம்பர்ல போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்று மாதிரிப் பேசினார். லெமெத்ருக்கு அது பிடிக்கல. தன் கோட்பாடு கடவுள் கேள்விக்கு வெளியே நிக்குது, நம்பறவரும் நம்பாதவரும் அதை எடுத்துக்கலாம்ங்கறது அவர் நிலை. அடுத்த வருஷம் வானியலாளர்கள் ரோம்ல கூடினப்போ போப் அந்தப் பேச்சைத் திருப்பிச் சொல்லல.

அஸ்தம்பட்டி | ஜனவரி 21, காலை 7:50

பாய், அது பாடே தூரத்தை ரெண்டு மடங்காக்கினாரே, அதே 1952 ரோம் மாநாடு!

கொண்டலாம்பட்டி டிஷ் | ஜனவரி 21, இரவு 9:40

அந்த 2.7 கெல்வின் பின்னணி அலையை டிஷ் எல்என்பி (டிஷ் முன்னாடி இருக்கற அலைவாங்கி) வச்சுப் பிடிக்கலாம்னு ஒரு பேச்சு இருக்கு. கண்காட்சிக்கு முடிஞ்ச அளவு சொல்றேன்.

சுலபமான காட்சி: ஒரு எல்என்பி, ஒரு சாட்டிலைட் ஃபைண்டர் மீட்டர், 13ல இருந்து 18 வோல்ட் சப்ளை. டிஷ் வேண்டாம். வாயை வானத்துக்குக் காட்டி மீட்டர் முள்ளைக் கீழே இறக்கி வைங்க. உள்ளங்கையை முன்னாடி கொண்டு வந்தா முள் ஏறும். சுவரைக் காட்டினாலும் ஏறும். சூடான எல்லாமே அலை வீசுது, வானம் குளிர்ச்சின்னு பிள்ளைங்க கண்ணால பாத்துக்கும். இதுக்கு மேல கண்காட்சிக்குத் தேவையில்ல.

நிஜமா அளக்கணும்னா வேலை இருக்கு. எல்என்பியோட சொந்த இரைச்சல் 50 கெல்வின்னு வைங்க. தரை 300, வானம் எல்லாம் சேர்ந்து 10. தரைக்கும் வானத்துக்கும் விகிதம் 350க்கு 60, அதாவது 7.66 டெசிபெல். அந்த 2.7 இல்லாம இருந்தா 7.86. மொத்தமே 0.2 டெசிபெல் வித்தியாசம். ஃபைண்டர் மீட்டர்ல அது தெரியவே தெரியாது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டர்ல மாட்டற ரேடியோ வாங்கி) போட்டு, தானியங்கி கெயினை (சிக்னலைப் பெருக்கற அளவு) அணைச்சு, சில நிமிஷம் சராசரி எடுக்கணும். எல்என்பி சூடாகி நிலைப்பட அரை மணி விடணும், இல்லேன்னா கெயின் நகர்ந்துக்கிட்டே இருக்கும். டாங்கிளுக்கு முன்னாடி டிசி பிளாக் கண்டிப்பா வேணும். 13 வோல்ட் உள்ள போனா டாங்கிள் போச்சு.

நம்ம ஊருக்குன்னு ஒரு தொல்லை. சேலம் அட்சம் 11.65. டிவி செயற்கைக்கோள் வரிசை நம்ம உச்சிக்கு 13.7 டிகிரி தெற்கே ஓடுது. நேர் மேலே காட்டினா அகலமான வாய்க்குள்ள அதுங்க எல்லாம் விழும், தேடற 2.7ஐ விட அதிகமாவே இரைச்சல் சேரும். வடக்கே 30 டிகிரி சாய்ச்சுப் பிடிச்சா வரிசையில இருந்து 44 டிகிரி விலகிரும். தகரத்துல நீளமான கொம்பு செஞ்சு மாட்டினா பார்வை குறுகும்.

அஸ்தம்பட்டி | ஜனவரி 22, காலை 6:15

அருமை தம்பி. ரெண்டு சேர்க்கறேன்.

ஒண்ணு: 11 கிகாஹெர்ட்ஸ்ல மீட்டருக்கு வர்றது 2.7 இல்ல, 2.5தான். இவ்வளவு குளிர்ந்த பொருளுக்கு அந்த அலைவரிசையில ஆற்றலும் வெப்பமும் நேர்விகிதத்துல இருந்து நழுவ ஆரம்பிச்சிருது.

ரெண்டு: வளிமண்டலத்தைக் கழிக்கணும். உச்சியில இருந்து 30, 45, 60 டிகிரி சாய்வுல அளங்க. கடக்கற காத்தோட கனம் 1.15, 1.41, 2 மடங்கு. அளவை இந்த மடங்குக்கு எதிரா வரைஞ்சு, கோட்டை பூஜ்யம் வரைக்கும் நீட்டுங்க. காத்தே இல்லாத இடத்துல மிச்சம் என்னவோ, அதுதான் பின்னணியும் கொம்போட இழப்பும். கொம்புல 0.02 டெசிபெல் இழப்பு இருந்தாலே 1.4 கெல்வின் கூடிரும். அதனாலதான் இந்தப் பின்னணி அலையைக் கண்டுபிடிச்ச பென்சியாசும் வில்சனும் ஒவ்வொரு பங்கையும் எழுதி வச்சாங்க: மொத்தம் 6.7, வளிமண்டலம் 2.3, கொம்பும் பின்பக்கமும் 0.9, மிச்சம் 3.5, ஒண்ணு கூடக் குறைய. 1965ல உலகத்தை மாத்தினது அந்தக் கழித்தல் கணக்கு.

ஏற்காட்டுல செஞ்சா நல்லது. 1,500 மீட்டர்ல நீராவி குறைச்சல், தை மாசிக்கு வானமும் வறண்டிருக்கும். மலைச்சரிவு மட்டும் கொம்புப் பார்வைக்குள்ள வரக்கூடாது, அது 300 கெல்வின் சுவர்.

கொண்டலாம்பட்டி டிஷ் | ஜனவரி 22, இரவு 8:30

குளிர்ந்த அளவுகோலுக்கு திரவ நைட்ரஜன், 77 கெல்வின். கால்நடை சினை ஊசிக்கு விந்துக்குச்சி வைக்கற கேன்ல இருக்கறது அதுதான். தெர்மோகோல் பெட்டியில கார்பன் ஃபோமை முக்கி வச்சு மேல இருந்து பார்க்கணும். கொம்பு வாயில பனி பிடிச்சா அந்தத் தண்ணியே அலை வீசும், துடைச்சுட்டு அளக்கணும். கண்ணாடி ஏத்தின கார்ல அந்தக் கேனை மலை ஏத்தக் கூடாது. ஆவியானா உள்ள ஆக்சிஜன் குறைஞ்சிரும். மூடியை இறுக்கவும் கூடாது. பிள்ளைங்க பக்கத்துல வேண்டவே வேண்டாம்.

நாகலூர் | ஜனவரி 23, காலை 7:00

தகரக் கொம்புக்கு பாறை மேல ஸ்டாண்ட் போடறவங்க இரும்பு ஆணி அடிக்காதீங்க, சார்னோகைட்ல இறங்காது. மண் மூட்டை வச்சா போதும்.

கன்னங்குறிச்சி டீச்சர் | ஜனவரி 25, மாலை 4:20

பலகை இப்போது இப்படி. இடது பக்கம் அளந்தவை நீலத்தில்: ஹீலியம் கால் பங்கு, 3,000 கெல்வின், சாஹா, 2.725, வயது 1,380 கோடி. திறந்த கேள்விகள் ஆரஞ்சில். வலது பக்கம் சமயங்கள், ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்ற குறிப்போடு: கஜ்ஜாலியும் இப்னு ருஷ்தும், சித்தாந்தத்தின் மூன்று காரணம், சமணத்தின் அனாதி, தியாகனூர் புத்தரின் மௌனம், திருவண்டப் பகுதி மூன்று வரியும். நடுவில் சந்திரன் வகுத்தல் கணக்கு, கீழே கட்டி வைத்த 12 இலக்கக் கால்குலேட்டர். மேசையில் எல்என்பியும், உடைத்த முகத்தோடு ஒரு சார்னோகைட் துண்டும். துண்டு கிடைக்குமா நாகலூர்?

நாகலூர் | ஜனவரி 25, மாலை 5:05

கிடைக்கும் டீச்சர். சாலை வெட்டின ஜல்லியிலயே இருக்கு, மலையில இருந்து உடைக்க வேண்டியதில்ல. ஒரு முகம் புதுசு, ஒரு முகம் பழுப்பேறினது, ரெண்டும் தெரியற மாதிரிப் பாத்துத் தர்றேன். அட்டையில "சார்னோகைட், சேர்வராயன் மலை, சுமார் 250 கோடி ஆண்டு"ன்னு எழுதிக்கங்க.

அஸ்தம்பட்டி | ஜனவரி 25, இரவு 9:30

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. கெல்வினுக்கு மேல சின்ன வட்டம் போடக் கூடாது, செல்சியஸுக்குத்தான் அது. அச்சுக்கடையில தானா சேத்துருவாங்க, புரூஃப்ல பாத்துருங்க.